வீட்டுக்கார அண்ணனுக்கு

ஜூன் 4

அண்ணா,

நலம், நலமறிய ஆவல் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் அண்ணனுக்கு இல்லை. நான் குடியிருக்கும் மாடி வீட்டின் உரிமையாளருக்கு. இரண்டு பேரும் ஒரே ஆளாக வாய்த்தது என் தலையெழுத்து.

ஃபோனில் சொல்லலாமே என்பாய். சொல்லிப் பார்த்தாயிற்று. "சரி சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டு அடுத்த பஸ் ஏறி வந்து நிற்கிறாய். எழுத்தில் இருந்தால்தான் எதுவும் நிற்கும் என்பது வீட்டுக் கணக்கு எழுதி எழுதி எனக்கு வந்த புத்தி.

செவ்வாய்க்கிழமை காலை நான் கோயிலுக்குப் போயிருந்தேன். பாப்பா ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு வந்து படுத்திருந்தாள். நீ உன்னிடம் இருக்கும் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறாய். பெல் அடிக்கவில்லை. குரல் கொடுக்கவில்லை. நேராக அவள் அறைக்குள் போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையில் ஈரம் ஊறியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்திருக்கிறாய். தூக்கம் கலைந்து கண்ணைத் திறந்த என் பெண்ணுக்குக் கால்மாட்டில் ஸ்டூல் மேல் ஓர் ஆள். அவள் போட்ட கூச்சலில் கீழ்க்கடை டெய்லர் கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தாராம். ஓடி வந்த மனுஷனிடம் நீ என்ன சொன்னாய்?

"ஒண்ணுமில்ல, செக்கிங்."

பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து நீ ரிடையர் ஆகிவிட்டாய், அண்ணா. உன் கைதான் இன்னும் ரிடையர் ஆகவில்லை. என் வீடு பஸ் இல்லை. நாங்கள் டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களும் இல்லை. வாடகை மாதம் பிறந்ததும் உன் கைக்கு வந்துவிடுகிறது. ஒருநாளும் பிந்தியதில்லை என்பதற்கு ஆண்டவன் சாட்சி, அதற்கு மேல் நீ போட்ட கையெழுத்துகளும் சாட்சி.

"சொந்தத்துக்குள்ள இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கணும்" என்று நீயே அச்சடித்துக்கொண்டு வந்து என்னிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். வீட்டைப் பார்க்க வேண்டுமானால் உரிமையாளர் முதல் நாளே எழுதித் தெரிவித்து, பகலில், குடியிருப்பவர் சம்மதத்தோடு வரலாம் என்று இருக்கிறது. தீ, தண்ணீர் போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்காம். அச்சடித்தவன் நீ. படித்தவள் நான். குடியிருப்போர் சங்கத்து வக்கீலம்மாவிடமும் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். "வீடு அவரோடதுதாம்மா. ஆனா வாடகைக்கு விட்ட நாள்லேர்ந்து கதவு உங்களோடது" என்றார்.

இனிமேல் சொல்லிவிட்டு வா. தட்டிவிட்டு வா.

இப்படிக்கு,
குடியிருப்பவர்

அண்ணிக்கு முட்டி வலி தேவலையா? இது தங்கை கேட்பது.


ஜூன் 9

தங்கச்சிக்கு,

அண்ணிக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தலைவலியும் சேர்ந்துவிட்டது.

என் வீட்டுக்குள் நான் போக எனக்கே நோட்டீஸா? அந்த வீட்டுக்குச் செங்கல் இறக்கிய நாளில் வெயிலில் நின்று எண்ணி வாங்கியவன் நான். எந்தச் சுவரில் எந்தப் பக்கம் விரிசல் விடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மச்சான் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல். ஆம்பிளை இல்லாத வீட்டை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? பார்க்கவில்லை என்றால், "தங்கச்சியை மாடியில ஏத்திவிட்டு அண்ணன் எட்டிக்கூடப் பாக்கல" என்று இதே ஊர் சொல்லும். அப்போது உன் வக்கீலம்மா வந்து பதில் சொல்வாரா?

சொல்லிவிட்டு வா என்கிறாய். செக்கிங் என்றால் எவனாவது சொல்லிவிட்டு வருவானா? சொல்லிவிட்டு ஏறினால் எல்லோர் கையிலும் டிக்கெட் இருக்கும், கூரையில் ஈரமும் காய்ந்திருக்கும். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? பாத்ரூம் குழாய் ஒழுகினால் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, அண்ணனுக்குச் சிரமம் வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிறவள் நீ. போன தடவை வந்தபோது அந்தக் கட்டை நான்தான் அவிழ்த்துப் பார்த்தேன்.

பாப்பா பயந்துவிட்டாள் என்பது உண்மைதான். நானும்தான் பயந்தேன். ஸ்டூலிலிருந்து விழ இருந்தேன். அதை யாரும் எழுதக் காணோம்.

அண்ணன்


ஜூன் 21

உரிமையாளர் அவர்களுக்கு,

இன்று அண்ணன் என்று எழுதப் போவதில்லை.

வியாழக்கிழமை சாமி அலமாரிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். உன் மச்சான் பத்திரமாகக் கரை சேர வேண்டும், பாப்பாவுக்கு நல்ல தூக்கம் வர வேண்டும், இரண்டே வேண்டுதல். கண்ணைத் திறந்தால் எனக்கும் சாமிக்கும் நடுவில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் நிற்கிறார். அலமாரி மரத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "இது வீட்டோட வருமா?"

அவருக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் நீ, விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு.

வீட்டை விற்க நினைக்கிறாய் என்பதே எனக்கு அந்த அம்மாளின் வாயிலிருந்துதான் தெரிந்தது. அது இருக்கட்டும். விற்பது உன் உரிமை. நான் எழுந்து வந்து சேர்வதற்குள் அந்த மனுஷர் பாப்பாவின் அறைக் கதவைத் திறந்துவிட்டார். "யாரோ தூங்குறாங்களே" என்று பின்வாங்கிய அந்நியருக்கு இருந்த கூச்சம் உனக்கு இல்லை. "பரவால்ல, நம்ம பாப்பாதான். நீங்க ஜன்னலைப் பாருங்க, நல்ல காத்து வரும்" என்றாய்.

காற்று வந்ததோ இல்லையோ, என் பிள்ளைக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. அவளுக்குப் பகல்தான் ராத்திரி. உன் தலைமாட்டில் நடுச்சாமத்தில் நாலு பேர் வந்து நின்று ஜன்னலைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். முதல் தடவைக்குப் பிறகே அவள் கதவுக்குப் பின்னால் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு இடுப்பொடியும் களைப்பு, நாற்காலி போட மறந்துவிட்டாள். அன்று பார்த்து நீ.

அன்றிரவு வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி போடப் போனவள் மருந்தைத் தப்பாக அளந்திருக்கிறாள். தலைமை நர்ஸ் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, "நீ போய் உக்காரு, தூங்காத கையால யாரையும் தொடாதே" என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் அழக்கூட இல்லை. "இந்த வீட்ல தூங்கறதுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல தூங்கலாம்மா" என்றாள். நர்ஸ்கள் விடுதியில் இடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சுவரும்தான். டியூட்டி முடித்து வந்து, சாப்பிட்டு, படுக்கப் போகும் முன் என்னோடு பேசுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு ஒரு நாள் என்பதே. அதில் நீ சாவியை நுழைத்துவிட்டாய்.

கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டேன். பூட்டுக்காரருக்குக் கொடுத்ததை வாடகையில் கழிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையாவது இந்தக் குடும்பத்தில் யாரிடமாவது இருக்கட்டும்.

குடியிருப்பவர்


ஜூன் 27

தங்கச்சிக்கு,

நேற்று வந்தேன். தகவல் சொல்லாமல்தான் வந்தேன், ஆமாம். பாப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை சமாதானம் பேசலாம் என்று அண்ணி கொடுத்தனுப்பிய பழத்தோடு வந்தேன். சாவி உள்ளே போனது. திரும்பவில்லை. திருகத் திருகக் கை சிவந்ததுதான் மிச்சம். உள்ளே ஆள் இருக்கிறீர்களா இல்லையா என்றும் தெரியவில்லை. எத்தனையோ பஸ்களை நடுரோட்டில் கையைக் காட்டி நிறுத்தி ஏறியவன், என் வீட்டு வாசலில் ஸ்டாப்பிங் தெரியாத பயணி மாதிரி நின்றேன்.

அந்த டெய்லர் கீழேயிருந்து எட்டிப் பார்த்து என்ன கேட்டான் தெரியுமா? "என்ன செக்கர் சார், டிக்கெட் இல்லையா?"

கடையில் துணி கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பழத்தை அவனிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போதும். என் பிள்ளையும் விற்கத்தான் சொல்கிறான். என்னை வெளியே நிறுத்துகிற வீட்டை நான் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? காலி செய்துவிடு. வேறு வீடு பார்க்க நாள் தருகிறேன், கூடப்பிறந்தவள் என்பதால். எழுத்தில்தானே வேண்டும் உனக்கு? இதோ, எழுத்தில்.

அண்ணன்


ஜூலை 3

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றுதான் பாப்பா பெட்டியோடு இறங்கிப் போனாள். பெட்டியை டெய்லர்தான் ஆட்டோ வரைக்கும் தூக்கிப் போனார். வாசலில் நின்று "சாப்பிடும்மா, எனக்காகச் சமைக்கலைன்னு சமைக்காம இருக்காதே" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நாள் அளந்து போடத் தெரியாமல் இரண்டு பேருக்கே பொங்கி வைத்தேன்.

காலி செய்யச் சொல்லியிருக்கிறாய். ஒப்பந்தக் காலம் இன்னும் முடியவில்லை. பூட்டை மாற்றிய கோபத்தில் ஒருத்தியை வெளியேற்ற முடியாது என்று வக்கீலம்மா சொல்கிறார். சங்கத்துக்குப் போனால் நான்தான் ஜெயிப்பேனாம். ஜெயித்து என்ன செய்ய? கூடப்பிறந்தவனை ஜெயித்துவிட்டு அவன் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதா?

நீ ஒன்றைப் புரிந்துகொள்ளவே மாட்டேன் என்கிறாய். ஆம்பிளை இல்லாத வீடு என்று காவலுக்கு வந்தேன் என்கிறாய். ஆம்பிளை இல்லாத வீட்டில் திடீரென்று ஓர் ஆம்பிளை வந்து நிற்பதுதானே பயமே! வந்தது மாமா என்று தெரிவதற்குள் அவள் உயிர் பாதி போய்விடுகிறது. மாமா என்று தெரிந்த பிறகு கோபப்படவும் முடிவதில்லை. அதுதான் இன்னும் கொடுமை. அந்நியன் என்றால் போலீஸைக் கூப்பிடலாம். உன்னை யாரிடம் சொல்வது?

சரி. வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி இல்லாமல் இருப்பதும் முறையில்லையாம். விசாரித்தேன். அதனால் புதுப் பூட்டின் சாவி ஒன்றை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். வீட்டுக்குள் தீ வந்தால் பிரிக்கலாம். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பிரிக்கலாம். மற்றதற்கெல்லாம் கதவைத் தட்டு. தட்டினால் திறக்காதவளா நான்?

அண்ணி கொடுத்தனுப்பிய பழம் நன்றாக இருந்ததாம். டெய்லர் சொன்னார்.

தங்கை


ஜூலை 10

மதிப்பிற்குரிய குடியிருப்பாளர் அம்மையார் அவர்களுக்கு,

மேற்படி மாடி வீட்டின் உரிமையாளன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்கள் அனுப்பிய உறை, கையெழுத்து கலையாமல் வந்து சேர்ந்தது. சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிட ஒரு நாள் அனுமதி கோருகிறேன். மாடிக்குப் போகும் வழி தங்கள் சமையலறை வழியாக இருப்பதற்கு மன்னிக்கவும். கட்டும்போது தங்களைக் கேட்கத் தவறிவிட்டேன். காலணிகளை எங்கே கழற்ற வேண்டும், தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாமா, தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்ம வேண்டுமா என்பதையும் எழுத்து மூலம் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இனி தாங்கள் எழுதிக் கொடுக்காத எதையும் நான் செய்யப் போவதில்லை. சத்தியம்.

தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளன்


ஜூலை 13

அண்ணா,

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக இருக்கிறது. முறையாக இரு என்றால் இப்படி முறுக்கிக்கொள்வதா?

தொட்டியைத் தாராளமாக வந்து பார். தும்மலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம். நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு அவள் ஊருக்குப் போகிறேன். திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.

தங்கை


ஜூலை 18
டெய்லர் கடையிலிருந்து

குடியிருப்பாளர் அவர்களுக்கு,

உன் ஃபோன் அணைந்து கிடக்கிறது. அதனால் எழுதி, கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

மேலேயிருந்து தண்ணீர் கொட்டுகிறது என்று டெய்லர் கூப்பிட்டான். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். உன் சமையலறைக் குழாய் எங்கேயோ பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாசற்படி வழியாகத் தண்ணீர் அருவி மாதிரி இறங்குகிறது. டெய்லர் துணிக் கட்டுகளை மேசை மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறான். என்னைத் திட்டிக்கொண்டும் இருக்கிறான்.

உறை பையில்தான் இருக்கிறது. பிரிக்கச் சொல்லி அவன் கத்துகிறான். ஆனால் நிபந்தனையில் நீ எழுதியிருப்பது, வீட்டுக்குள் தண்ணீர் வந்தால். இங்கே வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியே வருகிறது. இதற்கு நீ எதுவும் எழுதவில்லை. சத்தியம் செய்தவன் நான். நாளைக்கு "என் கையெழுத்தைக் கிழிச்சியே" என்று நீ ஒரு வார்த்தை கேட்டால் என்னால் தாங்க முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதவும்.

அண்ணன்


ஜூலை 20

தங்கச்சிக்கு,

நீ ஊரிலிருந்து வந்த கோபத்தில் என்னைப் பேச விடவில்லை. நீ வருவதற்கு முன் நடந்ததை எழுதிவிடுகிறேன். டெய்லர் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிடுவான்.

அவன்தான் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிப் பாப்பாவை வரவழைத்தான். ராத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருக்கிறாள். உடுப்புகூட மாற்றாமல் ஓடி வந்தாள். நான் படியில் நிற்கிறேன். செருப்பு ஒன்று ஏற்கெனவே தெருவுக்குப் போய்விட்டது.

"சாவி இல்லையா மாமா?"

"இருக்கு. உறைக்குள்ள இருக்கு."

"பிரிக்க வேண்டியதுதானே?"

"அம்மா கையெழுத்துப் போட்டிருக்கா பாப்பா."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கீழே அவன் "அம்மா நர்ஸம்மா, அப்புறம் சிரிக்கலாம், என் கடை மிதக்குது" என்று அலறியதும்தான் எழுந்தாள்.

தன்னிடம் இருந்த சாவியால் திறந்துகொண்டு போய்க் குழாயை அடைத்தாள். நான் வாசலிலேயே நின்றேன். "உள்ள வாங்க மாமா, தண்ணிய அள்ளணும்" என்றாள். கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் தட்டினேன்.

"திறந்த கதவை எதுக்கு மாமா தட்டறீங்க?"

"பழகிக்கிறேன் பாப்பா."

அவள் உள்ளே போய் ஒரு வாளியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

காலி செய்யச் சொல்லி எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. விற்கிற யோசனையை நான் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, பிள்ளை விடமாட்டான். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாப்பா விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு குடும்பத்தை வீடு பார்க்க அழைத்து வரலாமா? முடியாது என்றால் வேறு நாள் சொல். அலமாரி வீட்டோடு வராது என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அண்ணன்


ஜூலை 26

அண்ணா,

அந்த ஞாயிற்றுக்கிழமையே வரட்டும். நாலு மணிக்கு மேல். நாற்காலி எடுத்துப் போடுகிறேன்.

மற்றதற்கு வருகிறேன். அன்றைக்கு நான் கத்தியது தண்ணீருக்காக மட்டும் இல்லை. நீ கதவுக்கு அடியில் தள்ளிய கடிதம் அந்தத் தண்ணீரோடேயே வெளியே மிதந்து வந்து டெய்லர் கடை வாசலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை இஸ்திரி போட்டு எனக்குக் கொடுத்தார். வெள்ளத்தில் நின்றுகொண்டு "உடனே எழுதவும்" என்று கடிதம் போட்ட மனுஷனுக்குத் தங்கையாகப் பிறந்ததற்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று சாமியிடம் கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நீ செய்ததுதான் பொறுக்கவில்லை. நாத்தனார் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் பையோடு, ஃபோனைப் போட்டதும் டெய்லர் சொன்னதைக் கேட்டு, வீடு என்ன கதியில் இருக்கிறதோ என்று ஓடி வருகிறேன். என் வீட்டுப் படியில், ஈர வேட்டியோடு, துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ. ஏறப் போனவளைக் கையை நீட்டி நிறுத்துகிறாய்.

"எங்க போறே?"

"எங்க போறேனா? என் வீட்டுக்கு!"

"மெதுவா பேசு. பாப்பா தூங்குறா."

"விடு அண்ணா, நான் உள்ள போகணும்."

"வர்றேன்னு அவகிட்ட சொன்னியா?"

வாடகை கொடுப்பவள் நான். பூட்டு மாற்றியவள் நான். சங்கத்துக்குப் போய் வக்கீலம்மாவிடம் கேட்டு வந்தவள் நான். அத்தனையும் செய்துவிட்டு, கால் கழுவக்கூட வழியில்லாமல் உன் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தேன். கேஸ் சிலிண்டர்காரரையும் நீ திருப்பி அனுப்பினாய். அடுப்புக்கு நான்தான் மூன்று நாள் திண்டாடினேன். அதைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை நீ வரும்போது கேட்பேன்.

விடுதி இடத்தை விட்டுவிட்டாளா என்று ஃபோனில் கேட்டிருந்தாய். விடவில்லை. "பாக்கலாம்மா" என்கிறாள். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் இன்று காலை டியூட்டி முடிந்ததும் விடுதிக்குப் போகாமல் நேராக இங்கே வந்தாள். சாப்பிட்டாள், வார்டில் நடந்த கதையெல்லாம் சொன்னாள், படுத்தாள். அறைக் கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. நாற்காலி ஹாலில் கிடக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குறட்டை கேட்கிறது. பெண்பிள்ளை குறட்டையா அது? மரம் அறுக்கிற மாதிரி. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, உன் மச்சானுக்கும் கிடையாது. எந்த மாமாவிடமிருந்து வந்தது என்று உனக்கே தெரியும். காதைப் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுப்ப மட்டும் மனம் வரவில்லை.

தங்கை